திருகோணமலையில் சிறு கலைப்பட்டறை நடத்துவது: முதல் பத்துப் பெயரிலிருந்து அடுத்தநாள் கணக்கு வரை

கோலம், பனையோலை, இலை அச்சு, பிள்ளைகளுக்குக் கதையும் வர்ணமும் என்று சின்னச் சின்ன நிகழ்வுகளைத் திருகோணமலைப் பட்டணத்திலும் உப்புவெளிப் பக்கமும் காசு வாங்கி நடத்துகிறேன். இதே வேலையைத் தொடங்கப்போகிறேன் என்று என்னிடம் வருகிற தங்கச்சிமார் கையோடு கொண்டுவருவது ஒரு பெயர், ஒரு லோகோ, போனில் ஒரு மண்டபத்தின் போட்டோ. யார் வருவார்கள் என்று கேட்டால் "எல்லாரும் வரலாம் அக்கா" என்பார்கள். எல்லாரும் வரலாம் என்று வைத்த நிகழ்வுக்கு அம்மாவும் சித்தியும் இரண்டு சிநேகிதிகளும் வந்ததைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

வேலையை விட வேலையின் ஒழுங்குதான் இதில் முக்கியம். ஆள், நேரம், இடம், படிப்பிப்பவர், விலை, அனுமதி, பிறகுதான் அறிவிப்பு. கீழே அதே ஒழுங்கில் போகிறேன்.

தொடங்க முதல் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தனி போன் இலக்கம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போஸ்டரில் போட்ட இலக்கம் எங்கெங்கோ போகும். இரவு பதினொரு மணிக்கு யாரோ எடுத்து "என்ன செய்யிறீங்க" என்று கேட்பார். தனி இலக்கம் என்றால் ஏழு மணிக்கு அந்த போனை நிறுத்திவைத்து உங்கள் பாட்டில் இருக்கலாம். வட்ஸ்அப் பிஸ்னஸில் தானாகப் பதில் போகிற வசதி உண்டு. திகதி, கட்டணம், இடம் மூன்றையும் அதில் எழுதிவைத்தால் பாதிக் கேள்வி குறையும்.

ஒரு தனி வங்கிக் கணக்கு. வீட்டுக்காசோடு கலந்தால் மூன்றாம் மாதத்தில் இலாபமா நட்டமா என்று உங்களுக்கே தெரியாது.

கூட நிற்க ஒருவர். வாசலில் பெயர் பார்த்து ஆட்களை உள்ளே விட ஒருவர் இல்லாமல் உள்ளே நீங்கள் நிம்மதியாக நிற்க முடியாது. தங்கச்சியோ மச்சாளோ யாராக இருந்தாலும் சரி, அன்றைய கூலி பேசிக்கொள்ளுங்கள். சும்மா வந்து நிற்கிறவர் மூன்றாம் தடவை வரமாட்டார்.

போனாலும் வீட்டில் உலை வைக்கலாம் என்கிற அளவில் கொஞ்சம் காசு. அப்புறம் ஒரு கொப்பி.

1. பத்துப் பெயர் எழுதுங்கள்

"பெண்களுக்கு" என்று எழுதாதீர்கள். உவர்மலையில் இருக்கிற இன்ன மாமி, ஜமாலியாவில் தையல் தைக்கிற இன்ன ராத்தா, வங்கியில் வேலைசெய்யும் இன்ன பிள்ளை என்று உண்மையான பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். பத்து வரவில்லை என்றால் உங்கள் யோசனைக்கு இன்னும் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். அதை மண்டபத்துக்குக் காசு கட்ட முதலே அறிந்துகொள்வது நல்லது.

பத்துப் பேரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாளில் எந்த இரண்டு மணித்தியாலம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும்? வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்? எதில் வருவீர்கள்? "இது பிடிக்குமா" என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் நம் ஊரில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

2. நேரத்தை அவர்களின் நாளிலிருந்து எடுங்கள்

புதியவர்கள் சறுக்குவதில் பாதி இங்கேதான். ஞாயிறு பின்னேரம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்து வைப்பார்கள். வீட்டில் இருப்பார்கள்தான், ஆனால் வெளியே வரமாட்டார்கள். அடுத்த கிழமைக்கு உடுப்புத் தோய்ப்பது, பிள்ளையின் வீட்டுவேலை, சொந்தக்காரர் வருகை எல்லாம் அந்த நேரத்துக்குத்தான்.

நான் கண்டுபிடித்த நல்ல நேரம் சனி காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை. பிள்ளையை ரியூசனில் இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றும்வரை வாசல் மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாமாரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் போய் வந்தால் ஓட்டோக் காசு இரட்டிப்பு. அந்த இரண்டரை மணித்தியாலம் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர்களுக்குக் கிடைத்த நேரம். ரியூசன் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கூடம் பிடித்துக் கோலப் பட்டறை வைத்தபோதுதான் முதல்முறையாக என் கதிரைகள் நிரம்பின. பதினொன்று இருபதுக்குக் கட்டாயம் முடிக்கவேண்டும். ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தினேன். பாதிக் கோலத்தை விட்டுவிட்டு எல்லோரும் எழும்பி ஓடினார்கள்.

கொப்பியில் ஒரு நாட்காட்டி கீறி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி நண்பகல் ஜும்ஆ. நோன்பு மாதத்தில் நான் எதுவும் வைப்பதில்லை. சாப்பாடு கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் விடவும் மனம் வராது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயப் பூசையும். போயா (பௌர்ணமி) விடுமுறை பிள்ளைகளின் நிகழ்வுக்கு நல்லது, ஆனால் சிங்களக் குடும்பங்கள் விகாரைக்குப் போகும் நாள். புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைகளுக்கு முந்தின மாதம் பிள்ளைகள் பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள்.

சிவராத்திரியை அடுத்து கோணேசப் பெருமான் நகர்வலம் வருகிற நாட்களில் தெருவெல்லாம் நிறைகுடமும் கோலமுமாக இருக்கும். அப்போது பட்டறைக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் அதற்குப் பத்துநாள் முந்தி ஒரு கோலப் பட்டறை வைத்துப் பாருங்கள். வாசலில் போடப் புதுக்கோலம் தேடி வருவார்கள். திருநாள் அன்று கூட்டம் சேர்க்கப் பார்ப்பதை விட, திருநாளுக்கு ஆயத்தமாகிற கிழமையைப் பிடிப்பது நல்ல யாவாரம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருந்தால் மூன்றரைக்கு மேல் இழுக்காதீர்கள். அவர்கள் பஸ் பிடித்து இருட்ட முதல் வீடு சேரவேண்டும். ஒருமுறை பிந்திப் போனவரை வீட்டில் மறுபடி விடமாட்டார்கள். அந்த ஒருவரோடு அவர் சொல்லி வரவிருந்த நான்கு பேரும் போய்விடுவார்கள்.

3. இடத்தை அதே நாளில் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

சனி காலை நிகழ்வு என்றால் மண்டபத்தைப் புதன் பின்னேரம் பார்த்துவிட்டு முற்பணம் கட்டாதீர்கள். நான் அப்படிக் கட்டிய ஒரு கூடத்தில், நிகழ்வு அன்று பக்கத்து வளவில் தச்சுப் பட்டறை. மரம் அரிகிற சத்தத்தில் படிப்பித்த அம்மாவின் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. புதன் பின்னேரம் அது பூட்டியிருந்தது.

பார்க்கவேண்டியது இவ்வளவுதான்: மலசலகூடம் துப்புரவா, உள்ளே கொளுவி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. மின்விசிறி எத்தனை சுற்றுகிறது, மாட்டியிருப்பதையெல்லாம் எண்ணாதீர்கள். நிலம் சீமெந்தா, மாபிளா. கோலத்துக்குச் சொரசொரப்பான சீமெந்து வேண்டும், வழுக்கும் மாபிளில் மா நிற்காது. வாசல் தெருவுக்குத் தெரிகிறதா. பின்பக்க ஒழுங்கையால் நுழைய வேண்டிய இடத்துக்குப் பெண்கள் தனியாக வரத் தயங்குவார்கள். அது தயக்கமே அல்ல, புத்தி.

யாருடைய இடம் என்பதும் பேசும். கோவில் மண்டபம் மலிவு, ஆனால் முஸ்லிம் பெண்கள் வரமாட்டார்கள். பள்ளிவாசல் கூடத்துக்கு மற்றவர்கள் கூச்சப்படுவார்கள். மூன்று சமூகத்தாரும் வரவேண்டும் என்றால் முன்பள்ளி, சனசமூக நிலையம், அல்லது சீசன் இல்லாத மாதத்தில் உப்புவெளி விருந்தினர் விடுதியின் சாப்பாட்டுக் கூடம் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டவர் கூட்டத்தில் அந்த விடுதிக்காரர்கள் உங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மற்ற மாதங்களில் விலை பேசலாம்.

இனிக் கடற்கரை. எல்லாருக்கும் வருகிற ஆசை, எனக்கும் வந்தது. டச்பே கரையில், ஆனி மாதம், கோலம். அந்த மாதங்களில் பலமாக வீசுகிற தென்மேற்குக் காற்று, கச்சான் காற்று, தெரியும்தானே. சாப்பிடுகிற கச்சானைச் சொல்லவில்லை. பலகையில் புள்ளி வைத்து முடிக்க முதலே மா எழும்பிக் கடலுக்குப் போனது. இருபது பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த தடவை காற்றில்லாத இடம் என்று மர நிழலில் பிள்ளைகளுக்கு இலை அச்சு வைத்தேன். கழுவித் துடைத்து அடுக்கிவைத்த இரண்டு கூடை இலையையும் பட்டணத்தில் திரிகிற மான்களில் ஒன்று வந்து ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போனது. பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம், எனக்கு நட்டம். கரையில் வைப்பதானால் கதை சொல்லல், பாட்டு, நனைந்தாலும் பறந்தாலும் பரவாயில்லை என்கிற வேலை மட்டும். ஐப்பசி தொடங்கி தை வரை மழைக்காலம். அப்போது கூரை இல்லாத எதையும் யோசிக்கவே வேண்டாம். கோணேஸ்வரம் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் படம் கீறலாம் என்று சிலர் கேட்பார்கள். அது இராணுவ முகாம் இருக்கிற இடம், நினைத்தபடி கூட்டம் கூட முடியாது.

4. படிப்பிப்பவரோடு ஒரு ஒத்திகை

கைவேலை தெரிந்தவர் எல்லோருக்கும் படிப்பிக்கத் தெரியாது. பனையோலைப் பெட்டி இழைக்கிற ஓர் அம்மாவை அழைத்து வந்தேன். விரல் போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. "இப்பிடித்தான் பிள்ளை" என்றார், பெட்டி முடிந்திருந்தது. குறை அவரிடம் இல்லை. நாற்பது வருடம் செய்தவருக்கு எது கஷ்டம் என்பதே மறந்திருக்கும்.

அதனால் நிகழ்வுக்கு ஒரு கிழமை முந்தி உங்கள் வீட்டு விறாந்தையில், ஒன்றும் தெரியாத இரண்டு பேரை இருத்தி முழுவதையும் செய்து பாருங்கள். படிப்பிப்பவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து வாயால் சொல்லுங்கள்: "இரண்டு ஓலை மேலே, ஒன்று கீழே, இப்போ திருப்புங்கோ." நிகழ்வு அன்றும் உங்கள் வேலை இதுதான். எங்கே கை நிற்கிறது, எத்தனை நிமிடம் என்று கொப்பியில் குறியுங்கள். வீட்டில் நாற்பது நிமிடம் எடுத்தது இருபது பேரோடு எண்பது நிமிடம் எடுக்கும். பெட்டி முடியாது என்று தெரிந்தால் கிலுகிலுப்பைக்கோ புத்தக அடையாளத்துக்கோ மாறுங்கள். அரைகுறைப் பெட்டியோடு வீட்டுக்குப் போகிறவர் அதை ஒருநாளும் முடிக்கமாட்டார்.

சாமானையும் அப்போதே சோதித்துவிடலாம். காய்ந்த குருத்தோலையை முதலே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். மாரியில் கோலமா உப்புக்காற்றுக்குக் கட்டி பிடிக்கும். விரலிடுக்கால் விழாமல் பொத்துப் பொத்தென்று விழும். வெறும் தாச்சியில் லேசாகச் சூடுகாட்டி, ஆறவிட்டு, அரித்தெடுத்தால் சரி. சூட்டோடு ரின்னில் போட்டு மூடினால் வேர்த்து மறுபடி கட்டியாகும்.

கூலியை முதலே பேசி, நிகழ்வு முடிந்த கையோடு கடித உறையில் வைத்துக் கொடுங்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம் அம்மா" என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. அதை நீங்கள் தொடராதீர்கள்.

5. விலை

புதியவர் போடும் கணக்கு இது: எல்லாச் செலவையும் கூட்டி, கதிரைகளால் பிரிப்பது. என் கொப்பியில் உள்ளது போன்ற ஒரு கணக்கில் காட்டுகிறேன். தொகைகளை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவரின் கூலி இதில் இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் 6,000, படிப்பிப்பவர் 5,000, சாமான் ஏற்றியிறக்க ஓட்டோ 1,500, அச்சும் போனும் 1,500. ஒருவர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் இந்த 14,000 ரூபா போகும். இதைத் தவிர ஆளுக்குச் சாமான் 350, தேத்தண்ணியும் சிற்றுண்டியும் 200, ஆக 550. இருபது பேருக்கு மொத்தம் 25,000. இருபதால் பிரித்தால் 1,250. இந்த விலையைப் போஸ்டரில் போட்டுவிடுவார்கள்.

நடப்பது வேறு. மூன்று இடத்தை நான் இலவசமாக வைக்கிறேன், காசில்லாமல் வரமுடியாமல் இருப்பவர்களுக்கு. மிச்சம் பதினேழில் பதினாலுதான் விற்கும் என்று வையுங்கள். இலவசமாக வரும் மூவரோடு பதினேழு பேருக்குச் செலவு 23,350. பதினாலு பேர் தரும் 1,250 இல் வரவு 17,500. கையிலிருந்து 5,850 போகும், உங்கள் உழைப்பு வேறு சும்மா.

சரியான கணக்கு: 23,350 உடன் உங்கள் கூலி 4,500 ஐயும் கூட்டுங்கள், 27,850. அதைப் பதினாலால் பிரித்தால் 1,989. விலை 2,000. பதினேழும் விற்றுவிட்டால் இருபது பேரின் செலவு 25,000 போக 9,000 மிஞ்சும். அதில் பாதி உங்கள் கூலி, மற்றப் பாதி அடுத்த நிகழ்வின் முற்பணம்.

2,000 கூடிப்போச்சு என்று தோன்றினால் விலையைக் குறைக்காதீர்கள். மண்டபத்தை அல்லது சாமானைக் குறையுங்கள். உங்கள் கூலியை வெட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதை வெட்டித் தொடங்கியவர்கள் இரண்டாம் வருடத்தில் இந்த வேலையில் இல்லை.

6. பதிவும் அனுமதியும்

ஒரு பெயர் வைத்து நடத்துவதானால் தனிநபர் வியாபாரமாகப் பதிய வேண்டும். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு போங்கள். வீட்டு முகவரியில் பதியலாம். உறுதி கணவர் அல்லது அப்பா பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸில் அனுமதி எடுக்கவேண்டும். இருபது பேருக்கு மைக் தேவையே இல்லை. ரிக்கெட் விற்று இசையோ நாடகமோ வைத்தால் உள்ளூராட்சி மன்றத்துக்குக் களியாட்ட வரி உண்டு. ரிக்கெட்டுகளை விற்க முதலே அங்கே கொண்டுபோய் முத்திரை குத்துவிக்க வேண்டும். அச்சடித்து விற்ற பிறகு ஓடினால் வேலைக்கு ஆகாது. பட்டறையாக இருந்தாலும் பொது இடத்தில் வைப்பதானால் அதே மன்றத்தில் எழுத்தில் கேட்டுவையுங்கள்.

7. அறிவிப்பு

முதலில் அந்தப் பத்துப் பேருக்கு, ஒவ்வொருவராக, போன் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் ஐந்து பேராவது காசு கட்டிய பிறகுதான் போஸ்டர். ஐந்து பேராவது கட்டாவிட்டால் பிழை நேரத்திலோ விலையிலோ இருக்கிறது. அப்போது திருத்தினால் ஒருவருக்கும் தெரியாது.

"வாறன் அக்கா" என்பது பதிவு அல்ல. காசு போட்ட ஸ்லிப் வட்ஸ்அப்பில் வந்தால்தான் பெயர் கொப்பியில் ஏறும். இதைச் சொல்ல முதலில் வாய் கூசும். நான் கூசியதில் ஒருமுறை இருபத்தாறு "வாறன்" சேர்ந்து, பதினொரு பேர் வந்தார்கள். இருபத்தாறு பட்டீஸ் வாங்கியிருந்தேன்.

போஸ்டரில் படத்தை விட எழுத்து முக்கியம். என்ன செய்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், எத்தனை மணிக்கு முடியும், பெண்களுக்கு மட்டுமா, பிள்ளையைக் கூட்டிவரலாமா, சாப்பாடு ஹலாலா, சைவமா. முடியும் நேரத்தைக் கொட்டையெழுத்தில் போடுங்கள். வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். அநுராதபுரச் சந்திப் பக்கம் இருந்து சிங்கள ஆட்களும் வருவதனால் சிங்களத்திலும் இரண்டு வரி. தெரிந்தவரிடம் காட்டித் திருத்திவிட்டே போடுங்கள்.

இலவச இடத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். கிராமத்து மாதர் சங்கத் தலைவியிடமோ முன்பள்ளி ரீச்சரிடமோ மெல்லச் சொன்னால் சரியான ஆளை அனுப்புவார்கள். வந்தவர்களில் யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்று உங்கள் வாசல் ஆளுக்குக்கூடத் தெரியக்கூடாது. எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே மாதிரிச் சரி அடையாளம் போட்டுக் கொடுங்கள்.

8. முந்தினநாள் இரவு

சாமானை ஆளுக்கொரு பொதியாகக் கட்டிவிடுங்கள். நடுவில் குவித்து வைத்தால் முன்னுக்கு இருக்கிறவர் நல்ல ஓலையை எடுப்பார், பின்னுக்கு இருக்கிறவர் முகம் கறுக்கும். இரண்டு பொதி கூடுதலாக. மாலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரு செய்தி: இடம், நேரம், வாசலில் நிற்பவரின் பெயர். நீங்கள் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குப் படுங்கள்.

9. அன்று

ஒரு மணித்தியாலம் முந்தி போய் முதலில் மலசலகூடத்தைப் பாருங்கள். பிறகு மின்விசிறி, பிறகு பாய் விரிப்பு.

வாசலில் பெயர் பார்க்கும்போதே போட்டோவுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்பவருக்குக் கையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுகிறோம். படம் எடுப்பவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, கையைப் பார்த்தால் போதும். இது வருவதற்குக் காரணம் ஒரு பிழை. ஒரு ராத்தாவின் படம் கேட்காமல் பேஸ்புக்கில் போனது. அவர் சண்டை பிடிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஒரு வருடம் ஒருவரும் வரவில்லை.

சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், ஆனால் சின்ன வேலையோடு: ஓலை கிழிப்பது, மா அரிப்பது. பிந்தி வருகிறவருக்கு முக்கியமானது தவறாது, நேரத்துக்கு வந்தவருக்கு மரியாதை கிடைக்கும். அறிமுகப் பேச்சு, விளக்கேற்றல், வரவேற்புரை ஒன்றும் வேண்டாம். கை வேலையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாய் தானாகத் திறக்கும். கூட வந்த இருவரைப் பிரித்து இருத்தாதீர்கள், ஆனால் நான்கு பேர் ஒரே கூட்டமாக வந்தால் இரண்டிரண்டாக இருத்துங்கள்.

தேத்தண்ணியும் சிற்றுண்டியும் நடுவில், வேலை பாதிக்கு மேல் போன பிறகு. முதலில் கொடுத்தால் கை எண்ணெய், ஓலையில் பிடிக்கும். முடிய இருபது நிமிடம் முந்தி "இனிப் புதிதாகத் தொடங்க வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

10. அடுத்தநாள்

காலையிலேயே கணக்கை எழுதுங்கள், பற்றுச்சீட்டுகள் பையில் இருக்கும்போதே. காசு கட்டியும் வராதவருக்கு போன் எடுங்கள். காசைத் திருப்பித் தரவேண்டியதில்லை, ஆனால் அந்தப் பொதியைக் கொடுத்தனுப்பலாம். ஏன் வரமுடியவில்லை என்பதும் அப்போது தெரியவரும். என் கொப்பியில் அந்தப் பக்கத்தில் அதிகம் இருப்பது "பிள்ளைக்குக் காய்ச்சல்". அடுத்தது "மாமியார் வந்துவிட்டா".

வந்தவர்களில் ஐந்து பேரிடம் ஒரே கேள்வி: எந்த இடத்தில் கை நின்றது? பிடித்ததா என்று கேட்கவேண்டாம். பதிலைப் படிப்பிப்பவரிடம் கொண்டுபோய்ச் சொல்லி, அடுத்த திகதியைப் பேசிக்கொண்டு வாருங்கள். மிஞ்சிய மாவை ஒரு நாள் வெயில் காட்டி, ஆறியபின் ரின்னில் போட்டு மூடிவையுங்கள்.